இஞ்சின் இல்லாத வண்டிக்கு எதற்கு ஆர்.சி.?



கொஞ்சம் நீளமான பதிவு. டிராக்டர் வைத்திருப்பவர்கள், பழைய டிரெய்லர் வாங்க நினைப்பவர்கள், நாற்று நடவும் களை எடுக்கவும் டிரெய்லரில் ஏறிப் போகிறவர்களின் வீட்டார் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவனுக்கே இப்போது நாற்பது தாண்டிவிட்டது. எனக்கு அவன் ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுமாறுகிற பையன்தான். நல்ல உழைப்பாளி. சொந்தத்தில் இரண்டு ஏக்கர், குத்தகையில் மூன்று ஏக்கர். டிராக்டர் இருக்கிறது. டிரெய்லர் மட்டும் இல்லாமல் ஒவ்வொரு அறுப்புக்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சார், மதுரைப் பக்கம் ஒரு பழைய டிரெய்லர் வாங்கிட்டேன். தொண்ணூறாயிரம். இப்ப அதை ரோட்டுல எறக்க முடியலை சார்" என்றான்.

"காகிதம் என்னடா வாங்கினே?" என்று கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்துக் கொடுத்தான். 'ரொக்கம் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று வழக்கமான வாசகம். கீழே ஒரு கையெழுத்து, இரண்டு சாட்சி. அவ்வளவுதான். ஆர்.சி. புத்தகம் இல்லை. இன்சூரன்ஸ் இல்லை. டிரெய்லரின் பின்கதவில் டி.என். 59 என்று தொடங்கும் ஓர் எண், பாதி அழிந்த பெயின்டில் இருக்கிறதாம். அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டவரே இன்னொருவரிடம் வாங்கியவராம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்த கதை.

அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்திருக்கிறான். முதல் நாள், "ஆர்.சி. கொண்டு வாங்க" என்றார்கள். இரண்டாம் நாள், "ஆர்.சி. தொலைஞ்சா போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். காவல் நிலையத்தில், "உங்க பேர்ல இல்லாத வண்டிக்கு நீங்க எப்படிப் புகார் கொடுப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். மூன்றாம் நாள் வெளியே நின்ற ஒருவர், "எதுக்குண்ணே இந்த அலைச்சல்? நம்ம பக்கம் பாதி டிரெய்லர் இப்படித்தானே ஓடுது, பேசாம ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசியில் அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். வகுப்பில் அவன் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். "சார், டிரெய்லருக்கு இஞ்சினே இல்லையே. தானா ஒரு அடி நகராது. அதுக்கு எதுக்கு சார் தனியா ஆர்.சி.? டிராக்டருக்குத்தான் இருக்கே."

இந்தக் கேள்வி நம் பள்ளத்தாக்கில் பல பேர் மனதில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2, உட்பிரிவு 28. மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று அங்கே விளக்கம் இருக்கிறது. அந்த விளக்கத்துக்குள்ளேயே டிரெய்லரையும் சேர்த்துவிட்டார்கள். ஆக, இஞ்சின் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது தனி மோட்டார் வாகனம். பிரிவு 39-இன்படி பதிவு இல்லாமல் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பிரிவு 192-இல் முதல் தடவைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி சிக்கினால் 10,000 வரை அபராதம் அல்லது ஒரு வருடம் வரை சிறை. இன்சூரன்ஸ் இல்லாததற்கு பிரிவு 196-இல் தனியாக 2,000, அடுத்த தடவை 4,000. அதனால்தான் ஒழுங்காகப் பதிந்த வண்டிகளில் டிராக்டருக்கு ஓர் எண்ணும் டிரெய்லருக்கு வேறோர் எண்ணும் இருப்பதைப் பார்க்கிறோம்.

'சட்டம் சொல்கிறது, அதனால் செய்' என்று சொல்லி நான் வகுப்பில் பாடம் நடத்தியதில்லை. காரணம் தெரிந்தால்தான் மனதில் நிற்கும்.

லோடு ஏற்றிய டிரெய்லரின் எடை பெரும்பாலும் அதை இழுக்கிற டிராக்டரின் எடையை விட அதிகம். பழைய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. இறக்கத்தில் டிராக்டரைத் தள்ளுவது அதுதான். கொக்கியில் ஆணி கழன்றால் தனியாக ஓடுவதும் அதுதான். இரவில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் குமுளி சாலையில் போகும்போது, பின்னால் வருகிற இரு சக்கர வாகனக்காரன் கண்ணில் படுவது டிராக்டர் அல்ல, விளக்கோ சிவப்புப் பட்டையோ இல்லாத டிரெய்லரின் பின்கதவு. இஞ்சின் இல்லை என்பதற்காக அது ஆபத்து இல்லாத வண்டி ஆகிவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. சில வருடங்களுக்கு முன் நடவு வேலை முடிந்து டிரெய்லரில் திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது நடக்கிறாள், ஆனால் குனிந்து நடவு நட முடியாது. அவள் தொழிலே குனிவதுதான். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. டிரெய்லருக்கு இல்லை. டிரெய்லர் யார் பெயரில் என்று கேட்டதற்கு மூன்று பேரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். ஓட்டி வந்தவர், "வண்டி என்னுது இல்லை" என்றார். வைத்திருந்தவர், "நான் வாங்கினேன், பேர் மாத்தலை" என்றார். விற்றவர், "வித்துட்டேன், எனக்குத் தெரியாது" என்றார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் பேசி ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவைத்தார்கள். அந்தத் தொகை ஆஸ்பத்திரிச் செலவுக்கே போதவில்லை.

டிரெய்லரில் ஆள் ஏற்றவே கூடாது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் வயல். தண்ணீர் திறந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடவு. வயலுக்குப் பஸ் போகாது. அந்தப் பெண்கள் எப்படிப் போவார்கள்? ஏறித்தான் போகிறார்கள். ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டு நம் பொறுப்பை முடித்துக்கொள்ள முடியாது.

பதிவு என்பதன் உண்மையான பொருள் இதுதான். ஆர்.சி. என்பது போலீஸ்காரர் நிறுத்தினால் காட்டுவதற்கான காகிதம் மட்டும் அல்ல. 'இந்த வண்டியால் யாருக்காவது ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்' என்று ஒருவர் அரசாங்கத்தின் பதிவேட்டில் எழுதிக் கொடுப்பது. அந்த இடம் காலியாக இருந்தால் அடிபட்டவருக்குக் கேட்க ஆள் இல்லை.

விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வித்தாச்சு, நம்ம தலைவலி போச்சு" என்று நினைக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தீர்ப்பு சொன்னது. பதிவேட்டில் பெயர் இருந்தவர் அந்தக் காரை 2007-லேயே விற்றுவிட்டார். அது பல கை மாறியது. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009 மே மாதம் விபத்து நடந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் விற்ற பணம் செலவாகி இரண்டு வருடம் கழித்து நடந்த விபத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆகவே விற்றவுடன் படிவம் 29-ஐ நீங்களே கொடுத்துவிடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளைக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளைக்குள் படிவம் 30-உடன் போக வேண்டும். சட்டத்தின் பிரிவு 50 இதைத்தான் சொல்கிறது.

இனி, 'காகிதம் இல்லை' என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்து கேட்டுப் போவதால்தான் அலைச்சல்.

முதல் வகை: வண்டி பதிவானது. உரிமையாளர் உயிரோடு இருக்கிறார். ஆர்.சி. மட்டும் தொலைந்துவிட்டது. இது எளிது. நிலப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கிறது அல்லவா, அதுபோலத்தான். காகிதம் தொலைந்தாலும் பதிவேடு தொலைவதில்லை. உரிமையாளர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி, படிவம் 26-உடன், வண்டியைப் பதிந்த அலுவலகத்தில் மாற்று ஆர்.சி. கேட்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர், வாங்கியவர் அல்ல. அதனால் பணம் கொடுக்கும் முன்பே அவரை இதைச் செய்ய வைத்துவிடுங்கள். பணம் கை மாறிய பிறகு அவர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

இரண்டாம் வகை: வண்டி பதிவானது. ஆனால் பதிவேட்டில் உள்ளவர் இறந்துவிட்டார், அல்லது நடுவில் இரண்டு மூன்று கை மாறிவிட்டது. என் மாணவனின் டிரெய்லர் இந்த வகை. நானும் அவனும் உட்கார்ந்து விசாரித்தோம். அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் விவரம் வரவில்லை. பழைய வண்டிகள் பலவற்றின் விவரம் இன்னும் கணினிக்கு ஏறவில்லை. அதற்காக வண்டி பதிவாகவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பதிந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பழைய பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி, கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டதில் பெயர் கிடைத்தது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மகள் திருப்பூரில் இருக்கிறாள்.

இங்கே வழி நீளம், ஆனால் வழி இருக்கிறது. இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், இவற்றோடு படிவம் 31. அதன் மூலம் வண்டி வாரிசு ஒருவர் பெயருக்கு வரும். ஆர்.சி. தொலைந்ததற்கு படிவம் 26. பிறகு வாரிசிடமிருந்து வாங்கியவருக்கு மாற்ற படிவம் 29-உம் 30-உம். வண்டி கடனில் வாங்கியதாகப் பதிவேட்டில் இருந்தால், கடன் முடிந்ததற்கு வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். அந்த வங்கியே இப்போது இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பழைய வங்கி எதில் சேர்ந்ததோ அந்த வங்கியில் கேட்க வேண்டும். சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவு 15 வருடத்துக்குத்தான். அது முடிந்திருந்தால் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இந்தத் தொல்லை உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றால் ஒன்று செய்யுங்கள். 2021-லிருந்து ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்க விதி வந்துவிட்டது. வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிறோம், வண்டிக்குப் போடுவதில்லை. போட்டுவையுங்கள்.

மூன்றாம் வகைதான் சிக்கலான வகை: வண்டி ஒருநாளும் பதிவானதே இல்லை. லேத் பட்டறையில் இரும்பு வாங்கிக் கொடுத்து, பழைய லாரி அச்சைப் போட்டு, பற்றவைத்துச் செய்தது. கம்பெனி பில் இல்லை, சேஸ் எண் இல்லை. நம் ஊர்களில் இப்படி எத்தனையோ வண்டிகள் இருபது முப்பது வருடமாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. செய்த மிஸ்திரியே இறந்திருப்பார். ஆனால் புதிதாகப் பதிவதென்றால் 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 47 என்ன கேட்கிறது? படிவம் 20-இல் விண்ணப்பம், படிவம் 21-இல் விற்பனைச் சான்று, படிவம் 22-இல் தயாரிப்பாளரின் சாலைத் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், போதாததற்கு டிரெய்லர் என்றால் வடிவமைப்புக்கு அரசு கொடுத்த ஒப்புதல். பட்டறையில் செய்த வண்டிக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. இனிக் கிடைக்கவும் கிடைக்காது.

ஆக, அந்த விவசாயி மனசாட்சிப்படி நடக்க நினைத்தாலும் நடக்க முடியாது. அபராதம் கட்டிவிட்டு அதே வண்டியைத்தான் திரும்ப ஓட்ட வேண்டும். அபராதம் அவனைத் திருத்தவில்லை, ஏனென்றால் திருந்துவதற்கு ஒரு வாசலே இல்லை. கவுண்டரில் இருப்பவர் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. விதியில் இல்லாததை அவர் எப்படிச் செய்வார்? வாசல் திறக்க வேண்டியது மேலே இருப்பவர்கள்.

இந்த இடத்தில் என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகள் நடுப் பருவத்தில் வந்து நிற்பார்கள். டி.சி. இருக்காது. பிறப்புச் சான்று இருக்காது. "போய் வாங்கிட்டு வா" என்று அனுப்பிய பிள்ளைகளில் சிலர் திரும்பி வரவே இல்லை. ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. பிறகு 2009-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று அதில் எழுதினார்கள். முதலில் பிள்ளையை உள்ளே கூப்பிடு, காகிதத்தைப் பிறகு பார் என்றது சட்டம். அதனால் பதிவேட்டின் மதிப்பு குறையவில்லை. முன்பு பதிவேட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

பிள்ளையும் டிரெய்லரும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். பிள்ளையை யாரும் திருடிக்கொண்டு வந்து பள்ளியில் சேர்ப்பதில்லை. டிரெய்லரைத் திருடுவார்கள். கேள்வி கேட்காமல் ஆர்.சி. கொடுத்தால் திருட்டு வண்டியெல்லாம் நல்ல வண்டி ஆகிவிடும். இந்தப் பயம் நியாயமானது. அதனால் வாசலைத் திறக்கும்போது ஒரு காவலும் வைக்க வேண்டும்.

இந்தக் காவலை எப்படி வைப்பது என்பதற்கு வெளிநாட்டிலும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் படகு வைத்திருப்பவர்கள் அதை டிரெய்லரில் ஏற்றிக் கார் பின்னால் கட்டி இழுத்துப் போவார்கள். அங்கேயும் பழைய டிரெய்லர், பழைய வண்டி வாங்கிக் காகிதம் இல்லாமல் விழிப்பவர்கள் உண்டு. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். உரிமைப் பத்திரம் இல்லாத வண்டிக்கு, அதன் மதிப்பில் ஒன்றரை மடங்கு தொகைக்கு ஒரு பொறுப்பு உறுதிப் பத்திரம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது மூன்று வருடம் உயிரோடு இருக்கும். அதற்குள் உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றால் அவருக்கு அதிலிருந்து ஈடு கிடைக்கும். பிரிட்டனில் வேறு வழி: சாதாரணச் சிறு டிரெய்லர்களுக்குத் தனிப் பதிவே இல்லை, இழுக்கும் வண்டியின் எண்ணையே பின்னால் எழுத வேண்டும். பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதை மட்டும் இரண்டு நாடுகளும் விடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே 2017-இல் அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த விதி கொண்டுவந்தார்கள். 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு என்று ஒரு தேதிக் கோடு போட்டார்கள். கட்டணம் கட்டு, ஒழுங்குக்குள் வா என்றார்கள். மனை வியாபாரிகள் போட்ட பிளாட்டுக்கு அப்படி ஒரு வாசல் திறக்க முடியுமானால், விவசாயியின் டிரெய்லருக்கும் திறக்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு தேதிக் கோடு போடுங்கள். அதற்கு முன் செய்த விவசாய டிரெய்லர்களுக்கு மட்டும், ஒரே ஒரு முறை, ஒன்றியம் தோறும் முகாம் நடத்துங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கட்டும். கொக்கி, அச்சு, டயர், பின்விளக்கு, ஒளிரும் பட்டை சரியில்லை என்றால் சரிசெய்து வரச் சொல்லட்டும். சேஸ் எண் இல்லாத வண்டிக்குத் துறையே ஓர் எண்ணைக் கொத்திக் கொடுக்கட்டும். எண் இருக்கிற வண்டியைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டு வாகனப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கட்டும். வண்டியின் படத்தையும் விண்ணப்பித்தவர் பெயரையும் ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு மாதம் ஒட்டி வைக்கட்டும். யாரும் உரிமை கேட்டு வராவிட்டால், உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு, இன்சூரன்ஸ் போட வைத்து, ஆர்.சி. கொடுக்கட்டும். நியாயமான ஒரு கட்டணம் வைக்கட்டும், கட்டுவோம்.

"இதுவும் புரோக்கர்களுக்கு ஒரு திருவிழா ஆகிவிடும் சார்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் இப்போது புரோக்கருக்கு வேலை எங்கிருந்து வருகிறது? நேர்வழி எது என்று யாருக்கும் தெரியாததால்தான் வருகிறது. என்னென்ன காகிதம், எவ்வளவு கட்டணம், எந்த நாள் என்று தமிழில் எழுதி ஊராட்சிச் சுவரில் ஒட்டினால் அவர் வேலை பாதியாகக் குறையும்.

அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட்டால் நான் வாத்தியார் இல்லை. நம் மேலும் தப்பு இருக்கிறது. மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். நிலம் வாங்கினால் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தொண்ணூறாயிரம் கொடுத்து டிரெய்லர் வாங்கும்போது மட்டும், "நம்ம ஆளுதானே, சொன்னாச் சொன்னபடி நடப்பாரு" என்று கைகொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அவர் நல்லவராகவே இருக்கலாம். நல்லவரும் ஒருநாள் சாவார். அவர் பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியாது.

ஆகவே வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவேட்டில் யார் பெயர்? அவர் உயிரோடு இருக்கிறாரா, கையெழுத்துப் போட வருவாரா? சட்டத்தில் கொத்திய எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றா? டிரெய்லருக்கு இஞ்சின் எண் கிடையாது என்பதால் அந்த ஒரு எண்தான் அதற்கு அடையாளம். துரு பிடித்திருந்தால் கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் அரத்தால் ராவிய தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது டிராக்டருக்கு மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். டிரெய்லர் எண்ணும் அதில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் விபத்தில் கம்பெனி கைவிரிக்கும். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு.

இனி என் மாணவனின் கதை. திருப்பூரில் இருக்கிற அந்த மகள் போன வாரம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். பணம் எதுவும் கேட்கவில்லை. "அப்பா பேர்ல அந்த வண்டி இன்னும் இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதுண்ணே. ஏதாவது ஆகியிருந்தா எங்க அம்மாவைத்தானே கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருப்பாங்க" என்று அவனிடம் சொன்னாளாம். அவளுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்த விஷயம் நமக்கு இத்தனை வருடமாகப் புரியவில்லை.

வாரிசுச் சான்று வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று நடை இருக்கிறது. அதுவரை டிரெய்லர் அவன் தோட்டத்துப் புளியமரத்தடியில் நிற்கிறது. இந்த அறுப்புக்கும் வாடகை வண்டிதான் பிடித்தான். அவன் பிடித்த வாடகை டிரெய்லருக்கு ஆர்.சி. இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான். பதில் சொல்லவில்லை.

சரியாக நடக்க நினைத்தவன் வண்டி மரத்தடியில் நிற்கிறது. கவலைப்படாதவன் வண்டி ரோட்டில் ஓடுகிறது. அதற்கு வாடகையும் சரியாக நடக்க நினைத்தவனே கொடுக்கிறான். இந்தக் கணக்கு மாற வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு டிரெய்லரின் ஆர்.சி. எங்கே இருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரி பீரோவைத் திறந்து பாருங்கள். இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் நாளைக்கே பழைய உரிமையாளருக்கு ஒரு போன் போடுங்கள், அவர் எடுக்கும் நிலையில் இருக்கும்போதே.

விவசாயச் சங்கங்களில் இருக்கும் நண்பர்கள் அடுத்த குறைதீர் கூட்டத்தில் இந்த முகாம் கோரிக்கையை மனுவாகக் கொடுங்கள். எழுதித் தர நான் தயார். கையெழுத்துப் போடவும் வருவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், கம்பம்.